நாலு மணிக்குச் சொன்ன பெயர்கள்

ஊரில் எல்லோருக்கும் முன்னால் எழுந்திருப்பது பனையேறும் ஆட்கள். அவர்களுக்கும் முன்னால் எழுந்திருப்பது எங்கள் ஆச்சி. பதநீர் சீசனில் விடியும் முன்பே ஆட்கள் பேசிக்கொண்டு தேரிக்காட்டுப் பக்கம் போகும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஆச்சி தன் ஜெபத்தில் பாதி தூரம் வந்திருப்பாள்.

நாலு மணிக்கு எழுந்து அடிபம்பில் முகம் கழுவுவாள். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கட்டிலோரமாக முழங்கால் போடுவாள். சத்தமாகத்தான் ஜெபம் பண்ணுவாள். “மனசுக்குள்ள பண்ணுனா தூக்கம் வந்துரும்லா” என்பாள். அதனால் வீட்டில் படுத்திருந்த எல்லோரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தங்கள் பெயரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தோம்.

அது ஒரு பட்டியல். வரிசை மாறாது. முதலில் பெரியப்பா, அடுத்து அப்பா, பெரிய அத்தை, சின்ன அத்தை. பிறகு மருமக்கள். பிறகு பேரப்பிள்ளைகள் வயசு வாரியாக. அதன் பிறகு ஐயர், உபதேசியார், வயிற்றுப்புண்ணோடு கஷ்டப்படும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, பரீட்சை எழுதும் பிள்ளைகள், வடக்கே இருக்கும் மிஷனரிகள், நாட்டை ஆளுகிறவர்கள். கடைசியில் மழை. எங்கள் ஊர் ஜெபம் எதுவுமே மழையில்லாமல் முடியாது.

பட்டியலில் தாத்தா பெயர் கிடையாது. செத்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒருநாள் கேட்டேன், “தாத்தாவ ஏன் ஆச்சி சொல்லல?”

“அவியள கர்த்தர் நேர்லயே பாத்துக்கிடுவாருல.”

ஆக, ஆச்சியின் பட்டியலிலிருந்து ஒரு பெயர் வெளியே போக ஒரே வழிதான். சாக வேண்டும். இந்த விதியை நான் ஏழெட்டு வயதிலேயே புரிந்துகொண்டிருந்தேன். பின்னால் அது முக்கியமாகப் போகிறது.

*

ஆச்சி 1936இல் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவள் வாசித்த அளவுக்கு வாசித்தவர்களை நான் பொறியியல் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை. ஒரே புத்தகத்தைத்தான் வாசித்தாள். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தலில் முடித்து, மறுநாள் திரும்ப ஆதியாகமம். அதனால் அவளுக்கு இரண்டு தமிழ் இருந்தது. எங்களைத் திட்டுவதற்கு நெல்லைத் தமிழ். ஆண்டவரிடம் பேச பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ். முற்றத்தில் “ஏல, சவத்து மூதி, செருப்ப எங்கல விட்ட?” என்று கேட்ட அதே வாய் அடுத்த நிமிடம் கிருபை, இரக்கம், சமாதானம் என்று வேறொரு உயரத்தில் பேசும். ஒரே மொழிக்குள் இத்தனை மாடி இருக்கிறது என்று எனக்குக் காட்டியது அவள்தான். நான் இன்று எதையாவது எழுதுகிறேன் என்றால் அதன் தொடக்கம் அந்த நாலு மணிதான்.

சமையலறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக்கொட்டான் இருக்கும். அவளே முடைந்தது. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுவாள். கைப்பிடி அரிசி. கொட்டான் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். (நாங்கள் சர்ச் என்று சொல்வதில்லை. கோயில்தான்.) அந்த அரிசியை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த மாதங்களிலும் அந்தக் கைப்பிடி குறையவில்லை. “நம்மளுக்கு ஒரு வாய் கொறஞ்சா செத்தா போயிருவோம்?”

இதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1903இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தாங்களே கூடி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர்களின் பணம் வேண்டாம், ஆட்களும் வேண்டாம், நம் காணிக்கையில் நம் ஆட்களை அனுப்புவோம் என்பதுதான் யோசனை. அவர்கள் போன இடம் தோர்ணக்கல், இன்றைய தெலங்கானாவில் இருக்கிறது. அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912இல் தோர்ணக்கலின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

ஆச்சிக்கு இந்த ஆண்டுகளெல்லாம் தெரியாது. தோர்ணக்கல் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. ஆனால் அங்கே யாரோ முகம் தெரியாத மனிதர்களுக்காக வாழ்நாள் முழுக்க ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்துவிடும். அதைச் சொல்லாமல் ஆச்சியைப் பற்றி எழுதினால் அது நினைவஞ்சலி நோட்டீஸ்தான்.

*

1997இல் சின்ன அத்தை கல்யாணம் பண்ணிக்கொண்டாள்.

மதுரையில் ஆசிரியையாக இருந்தாள். அங்கே இன்னொரு ஆசிரியரை விரும்பினாள். அவரும் எங்கள் சபைதான். சொல்லப்போனால் எங்களைவிட ஒரு படி மேல். அவருடைய அப்பா உபதேசியார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், பாட்டு நன்றாகப் பாடுவார், ஒரு சிகரெட் கிடையாது. ஆச்சி எந்த மாதிரி மாப்பிள்ளை வேண்டும் என்று நாலு மணிக்குக் கேட்டுக்கொண்டிருந்தாளோ அப்படியே வந்து நின்றார்.

ஆனால் நாங்கள் நாடார். அவர் தலித்.

எங்கள் ஊரில் ஒரே கோயில், ஒரே மணி, ஒரே திருவிருந்துக் கிண்ணம். ஆனால் தெரு இரண்டு. அசனப் பண்டிகையன்று ஊரே சேர்ந்து பொங்கிச் சாப்பிடும். பெரிய பெரிய அண்டாக்களில் சோறு வேகும் வாசனை தேரிவரைக்கும் போகும். கீழத்தெரு ஆட்கள் எப்போதும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். யாரும் அவர்களைக் கடைசியில் உட்காரச் சொன்னதாக நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அது ஊறியிருந்தது. எங்கள் பூட்டன் காலத்தில் எங்களையே பெரிய கோயில்களுக்குள் விடமாட்டார்கள். மதம் மாறிய காரணங்களில் அதுவும் ஒன்று என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். அந்த வலி தெரிந்த ஜனம்தான் கடைசிப் பந்தியையும் வைத்திருந்தது.

1833இலேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது, அதை விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்கு எழுதினார். அத்தையின் கல்யாணம் அதற்கு 164 வருடம் கழித்து நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை.

கல்யாண நாள் இரவு அப்பா பட்டாசாலையில் நின்றுகொண்டு சொன்னார், “இந்த வீட்டைப் பொறுத்தவரைக்கும் அவ செத்துட்டா.” ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி குடும்ப ஜெபம் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்து நடக்காத ஒரே ராத்திரி அதுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. செத்தவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள் என்ற விதி எனக்குத் தெரியும். தூக்கம் வராமல் நாலு மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அடிபம்புச் சத்தம் கேட்டது. கட்டில் முனகியது. பெரியப்பா பெயர் வந்தது. அப்பா பெயர் வந்தது. பெரிய அத்தை பெயர் வந்தது. பிறகு ஆச்சி நிறுத்திவிட்டாள். சுவர்க் கடிகாரம் ஓடுவது மட்டும் கேட்டது.

பிறகு சின்ன அத்தையின் பெயரைச் சொன்னாள். அதே இடத்தில், அதே குரலில்.

நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். பட்டாசாலையில் படுத்திருந்த அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும். அவர் எதுவும் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த பத்தொன்பது வருடமும் அவர் எதுவும் சொல்லவில்லை. தினமும் விடியுமுன் தான் செத்துப்போனதாகச் சொன்ன தங்கச்சியின் பெயரைக் கேட்டபடி படுத்திருந்தார்.

*

அத்தை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புவாள். ஆச்சி அதை ஓரம் கிழியாமல் பிரித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து வாசித்து, டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவாள். பதில் போடமாட்டாள். 1999 அட்டையில் பெண் குழந்தை பிறந்த செய்தி இருந்தது. மறுநாள் நாலு மணிக்குப் பேரப்பிள்ளைகள் வரிசையில் ஒரு புதுப் பெயர் சேர்ந்தது. சில வருடம் கழித்து இன்னொன்று.

மருமக்கள் வரிசையில் மட்டும் ஒரு பெயர் சேரவேயில்லை. “அவள் வீட்டாரையும்” என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவாள். வீட்டாரையும். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு முழு மனிதரை ஒளித்துவைத்திருந்தாள்.

வீட்டுக்கு டெலிபோன் வந்த பிறகு ஒருநாள் கேட்டேன், “ஆச்சி, சின்ன அத்தைக்கு ஒரு போன் பண்ணேன்.”

“ஊரு என்னல சொல்லும்?”

கொஞ்ச நேரம் கழித்து, “ஒங்கப்பன் வருத்தப்படுவான்.”

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, நான் அந்தப் பேச்சையே மறந்துவிட்ட பிறகு, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: “நாந்தான் ஜெபம் பண்ணுதேன்லா.”

*

2011 கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடவுள் நம்பிக்கை என்னிடமிருந்து போய்விட்டிருந்தது. அதில் பெரிய நாடகம் எதுவும் இல்லை. போன் பேட்டரி இறங்குகிற மாதிரி எப்போது தீர்ந்தது என்றே தெரியாமல் தீர்ந்துவிட்டது. அதிகாலை ஆராதனையில் எல்லோரும் திருவிருந்துக்கு எழுந்து போனபோது நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். ஆச்சி பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டாள்.

மத்தியானம் முந்திரிக்கொத்துத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஒடம்புக்கு முடியலயா?” என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சு ஆச்சி என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். என் கையில் ஒரு முந்திரிக்கொத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்:

“ஒனக்கு இல்லன்னா போவட்டு. எனக்கு இருக்குல்லா. ஒம்பேர நாஞ் சொல்லிக்கிடுதேன்.”

பல வருடம் இந்தக் கதையை நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு பெரிய மனசு பார் என்று. சொல்லும்போது கேட்பவர்களின் கண் லேசாகக் கலங்கும். என்னுடையதும்தான். இதில் இருக்கும் கோணல் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. கர்த்தரை விட்டுப்போன எனக்கு அந்த வீட்டில் முந்திரிக்கொத்து கிடைத்தது. கர்த்தரை விடாமல் கல்யாணம் பண்ணிக்கொண்ட அத்தைக்கு ஒரு பதில் கடிதம்கூடக் கிடைக்கவில்லை.

*

ஆச்சி 2016இல் இறந்தாள். எண்பது வயது. கடைசி இரண்டு மாதம் முழங்கால் போட முடியவில்லை, படுத்தபடியே பட்டியல் சொன்னாள். சில நாள் பாதியில் தூங்கிவிடுவாள். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

அடக்கத்துக்கு அத்தையும் அவள் கணவரும் பஸ்ஸில் வந்தார்கள். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அத்தை போட்டபோது அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் விலகியும் போகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு வேப்பமரத்தடியில் அத்தையிடம் போனேன். பத்தொன்பது வருடம் கழித்துப் பேசுகிறேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல விஷயத்தைச் சொன்னேன். “அத்த, ஆச்சி ஒருநாள்கூட ஒங்க பேர விட்டதில்ல. தினமும் நாலு மணிக்கு ஒங்களுக்காக ஜெபம் பண்ணுவா.”

அத்தை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை. களைப்பாக இருந்தது அந்த முகம்.

“எனக்குத் தெரியாதா மக்கா? நானும் அந்த வீட்டுல படுத்துக் கேட்டவதான. ஆண்டவர்ட்ட தெனமும் எம்பேரச் சொன்னா. எங்கிட்ட ஒருநாள் எம்பேரச் சொல்லிக் கூப்பிடலயே.”

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

*

பேராயர் அசரியாவைப் பற்றிப் பின்னால் வாசித்தபோது ஒரு விஷயத்தில் நின்றுவிட்டேன். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அங்கே போன ஒருசில இந்தியர்களில் அவரும் ஒருவர். மேடையில் அவர் பேசியது மேலைநாட்டு மிஷனரிகளிடம். நீங்கள் எங்களுக்காகச் செய்த தியாகத்துக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பும்தான் என்கிற பொருளில் பேசினார். அங்கே அது பலருக்கு ரசிக்கவில்லை. எங்கோ கடல் தாண்டி வந்து உடம்பையே உருக்கி ஊழியம் செய்கிறவன், பக்கத்தில் இருப்பவனோடு ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடத் தயங்கினான். அதைத்தான் அவர் சொன்னார்.

வேப்பமரத்தடியில் அத்தை சொன்னதும் ஏறக்குறைய அதுதான். தோர்ணக்கல் ஜனத்துக்காக வாயைக் கட்டிய ஆச்சிக்கு, பக்கத்துத் தெருவோடு ஒரு பந்தியில் உட்கார முடியவில்லை. ஆச்சியின் அன்பு பொய்யில்லை. அதை நான் காதால் கேட்டு வளர்ந்தவன். ஆனால் அந்த அன்பு முழுக்க மேலே போய்த்தான் இறங்க வேண்டியிருந்தது. நேராகப் போகிற பாதையில் ஊர் நின்றது, மகன் நின்றான், சாதி நின்றது. ஜெபத்தில் அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. நாலு மணிக்கு அவளும் ஆண்டவரும் மட்டும்தான். அங்கே அவளால் நல்ல அம்மாவாக இருக்க முடிந்தது. விடிந்த பிறகு முடியவில்லை.

இதை எழுதும்போது ஆச்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி இருக்கிறது. பக்கத்தில் நானும் ஏறிக்கொள்ள வேண்டும். எனக்கு நாலு மணி ஜெபமும் இல்லை, அதனால் அந்தச் சாக்குகூட இல்லை. பதினெட்டு வயதில் கையில் போன் வந்தது. அத்தையின் முகவரி ஒவ்வொரு அட்டையிலும் இருந்தது. சாதியைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறேன். ஊருக்குப் போகும் நெல்லை எக்ஸ்பிரஸ் விடியுமுன்பே மதுரை ஜங்ஷனில் நிற்கும். மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு டீக்காரர்களின் சத்தத்தைக் கேட்பேன். இந்நேரம் ஆச்சி அங்கே அத்தையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். அந்த நினைப்பே ஏதோ செய்துவிட்ட மாதிரி இருக்கும். புரண்டு படுத்துவிடுவேன். வண்டி கிளம்பிவிடும்.

எத்தனை தடவை என்று கணக்கு இல்லை.

*

அடக்கம் முடிந்து மூன்று மாதம் கழித்து மதுரையில் இறங்கினேன். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த பத்தொன்பது அட்டைகளும் பையில் இருந்தன. ஆட்டோவில் போகும்போது வயிற்றைக் கலக்கியது. புரொடக்‌ஷன் சர்வரில் கை வைக்கும்போதுகூட அப்படி இருந்ததில்லை.

அத்தை கதவைத் திறந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அட்டைகளை மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உறைகளின் ஓரத்தை விரலால் தடவினாள்.

“ஒண்ணுகூடக் கிழியல” என்றாள். பிறகு, “தோச சாப்பிடுதியா?” என்று உள்ளே போய்விட்டாள். சமையலறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளறையிலிருந்து அவர் வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “வாங்க தம்பி, ட்ரெயின் லேட்டா?” என்றார். ஆச்சி பத்தொன்பது வருடம் பெயர் சொல்லாமல் தாண்டிப்போன மனிதர். அப்பாவின் தங்கை கணவரை என்னவென்று கூப்பிட வேண்டும் என்பது தமிழ் பேசும் எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு இருபத்தெட்டு வயதாகியிருந்தது. எழுந்து நின்றேன்.

“இல்ல மாமா, கரெக்ட் டயம்தான்.”

அடுப்பில் தோசை சத்தம் ஒரு நொடி நின்றது போல இருந்தது. எனக்குத் தோன்றியதாகவும் இருக்கலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவேன். பெரிய விஷயமாக எதுவும் பேசுவதில்லை. சின்னவளின் காலேஜ், மாமாவின் சுகர், மதுரை வெயில். அப்பா இன்னும் பேசவில்லை. ஆனால் நான் ஊருக்குப் போகும்போது “மதுரைல எறங்கிட்டு வாரியா?” என்று கேட்பார். ஆமாம் என்றால் தலையாட்டிவிட்டு பேப்பரைத் திருப்புவார். ஓலைக்கொட்டான் ஊர் வீட்டுச் சமையலறையில் அப்படியே இருக்கிறது. அம்மா அதில் பூண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று போன வாரம் அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“எழுதிக்கோ. எங்கம்மாவ ரொம்ப மோசமா எழுதிராத. எங்க பேரெல்லாம் போடாத” என்றாள். பிறகு சிரித்தாள். “பேரு சொல்லணும்னா போன் பண்ணிச் சொல்லு.”